ஒன்றுமில்லை வேறு, வரவில்லை வேறு

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாத சிலர் கேட்டதால் செய்திமடலுக்காக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘வங்கி மோசடியில் ஏமாறாமல் இருப்பது எப்படி’ என்பது. ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். அந்தத் தலைப்பு முடிந்தது. மீதி நேரத்தில் வேறொன்றைப் பேச அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

நம் மூன்று பிளாக்குகளுக்கும் வெளிப்பூச்சுப் பெயிண்ட் அடிக்கும் வேலை வரப்போகிறது. அதற்கு வீட்டுக்கு இவ்வளவு என்று தனியாகப் பணம் கேட்கப் போகிறோம். போன தடவை இந்த வேலை நடந்தபோது என்னென்ன பேச்சு எழுந்தது என்பது உங்களுக்கே தெரியும். நான் அதற்குள் போகவில்லை. ஆனால் நம் குடியிருப்புப் பிள்ளை ஒருவன் ஆறு மாதம் பார்த்த ஒரு வேலையைப் பற்றிச் சொன்னால், இந்தப் பெயிண்ட் வேலைக்கு அது உபயோகப்படும் என்று தோன்றியது.

அவன் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவன். கடைசி வருடத்தில் இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும். கூடப் படித்தவர்கள் பெங்களூருக்கும் சென்னை ஓஎம்ஆருக்கும் போனார்கள். இவனுக்குக் கிடைத்தது ஓர் அரசு சார்ந்த அலுவலகம். எந்த அலுவலகம் என்பதையும் அவன் பெயரையும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான், சொல்லவில்லை. “என்னப்பா வேலை?” என்று கேட்டேன். “கொள்முதல் சாப்ட்வேர் அங்கிள்” என்றான். நான் தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்தவன். கொள்முதல் என்றால் எனக்கு நெல் மூட்டையும் சாக்கும் ஈரப்பத மீட்டரும்தான் நினைவுக்கு வரும். இவன் சொன்னது அரசாங்கம் வாங்கும் மற்ற எல்லாம்: ரோடு போடுவது, பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு, ஆஸ்பத்திரிக்கு மருந்து, அலுவலகத்துக்கு ஏ4 பேப்பர். இவற்றுக்கெல்லாம் டெண்டர் விடுவது, விட்டதைக் கணக்குக் காட்டுவது.

டெண்டர் என்றால் என்ன என்பது பி.காம். படித்தவனுக்கு மெர்கன்டைல் லா பாடத்திலேயே வந்துவிடும். டெண்டர் விளம்பரம் என்பது ‘நாங்கள் வாங்குகிறோம்’ என்ற வாக்குறுதி அல்ல. ‘விலை சொல்லுங்கள்’ என்ற அழைப்பு மட்டும். விலை சொல்பவர் தருவதுதான் ஆஃபர். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். பரீட்சைக்கு ஐந்து மார்க் கேள்வி.

பாடத்தில் வராததை கவுண்ட்டரில் கற்றுக்கொண்டேன். எண்பதுகளில் நான் வங்கியில் சேர்ந்த காலத்தில் டெண்டருக்கு முன்வைப்புத் தொகை, அதாவது இஎம்டி, டிமாண்ட் டிராஃப்டாகத்தான் போகும். டெண்டருக்குக் கடைசி நாளுக்கு முந்தின நாள் பார்த்தால், ஒரே தொகைக்கு, ஒரே நிர்வாகப் பொறியாளர் பெயருக்கு ஐந்தாறு டிராஃப்ட் எழுத வேண்டியிருக்கும். யார் யார் போட்டியில் இருக்கிறார்கள் என்பது டெண்டர் பெட்டியைத் திறக்கும் அதிகாரிக்குத் தெரிவதற்கு முன்பு டிராஃப்ட் எழுதும் கிளார்க்குக்குத் தெரிந்துவிடும். நாங்கள் அதை வெளியில் சொல்லக் கூடாது, சொன்னதும் இல்லை. சில சமயம் ஒரே ஆள் வந்து நான்கு பேர் பெயரில் நான்கு விண்ணப்பம் நீட்டுவார். நான்கு டிராஃப்டும் அடுத்தடுத்த எண்ணில் போகும். நான்கு போட்டியாளர்களுக்கும் சேர்த்து ஒரே ஆள் கியூவில் நின்றார் என்றால் அது எப்படிப்பட்ட போட்டி என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். தணிக்கைக்கு வருபவர்கள் இன்றும் முதலில் தேடும் தடயங்களில் இந்தத் தொடர் எண்ணும் ஒன்று. இப்போது அதே தடயம் வேறு உருவத்தில் கிடைக்கிறது. தனித்தனிக் கம்பெனி என்று சொல்லிக்கொள்ளும் இரண்டு பேரின் விலைப்புள்ளிகள் ஒரே கணினியிலிருந்து ஏறியிருக்கும்.

அந்தக் காலத்து டெண்டர் பெட்டியை நேரில் பார்த்தவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். அரக்கு வைத்த கவர், மூன்று மணிக்கு முன் போட வேண்டும். வாசலில் நாலு பேர் நின்றுகொண்டு வேறு யாரையும் உள்ளே விட மாட்டார்கள். கவரைக் கொண்டுவந்தவர் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு மூன்றரை மணிக்குத் திரும்பிப் போவார்.

இதற்கெல்லாம் முடிவுகட்ட நம் மாநிலம் 1998இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது, ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம். 2000இல் அது நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் இந்த மாதிரிச் சட்டத்துக்கு முன்னோடி தமிழ்நாடுதான். டெண்டரை மாநில அளவிலோ மாவட்ட அளவிலோ அதற்கென்று உள்ள செய்தித்தாளில் வெளியிட வேண்டும், கூர்ந்தாய்வுக் குழு பார்க்க வேண்டும், ஒரு விலையை நிராகரித்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. சட்டம் வந்த பிறகும் வாசலில் நின்றவர்கள் நின்றார்கள். அவர்களை அகற்றியது கம்ப்யூட்டர். 1976இல் தொடங்கப்பட்ட தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய மின்கொள்முதல் மென்பொருள் முதலில் நடைமுறைக்கு வந்த மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று. வீட்டில் உட்கார்ந்து விலை போடலாம் என்றான பிறகு வாசலில் யாரை மறிப்பது?

அந்த மென்பொருளின் பூட்டைப் பற்றி அவன் சொன்னபோது எனக்கு ஸ்ட்ராங் ரூம் ஞாபகம் வந்தது. வங்கியில் பெட்டகத்துக்கு எப்போதும் இரண்டு சாவி. ஒன்று கேஷியரிடம், ஒன்று அதிகாரியிடம். ஒருவர் மட்டும் போய்த் திறக்கவே முடியாது. இங்கேயும் அதே ஏற்பாடுதான். நீங்கள் ஏற்றும் விலைப்புள்ளி, ஏறும்போதே பூட்டப்படுகிறது. அதைத் திறக்க நியமிக்கப்பட்ட அதிகாரிகளில் குறைந்தது இரண்டு பேர் தங்கள் டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் செருகினால்தான் திறக்கும். குறித்த நேரம் வருவதற்கு முன் இரண்டு பேரும் சேர்ந்து செருகினாலும் திறக்காது. கடிகாரம் நம் கையில் கட்டியிருப்பதல்ல, சர்வரின் கடிகாரம். மூன்று மணி என்றால் மூன்று மணி. பியூனிடம் சொல்லி கவரை உள்ளே தள்ளும் வித்தை அங்கே நடக்காது.

இனி அவன் வேலைக்கு வருகிறேன். அந்தப் பெரிய மென்பொருளில் கைவைக்க இன்டர்னுக்கு விட மாட்டார்கள், விடவும் கூடாது. அவனுக்குக் கொடுத்தது அறிக்கை தயாரிக்கும் வேலை. பல கிளை அலுவலகங்கள் மாதாமாதம் எக்செல் தாளில் தகவல் அனுப்பும்: எத்தனை டெண்டர் விட்டோம், யாருக்கு ஆர்டர் போயிற்று, எவ்வளவு தொகை, வேலை எந்த நிலையில், வங்கி உத்தரவாதம் எந்தத் தேதி வரை. அவற்றை எல்லாம் சேர்த்து, மேலதிகாரி ஒரே பக்கத்தில் பார்க்கும்படி செய்ய வேண்டும். அதுவரை ஓர் அம்மா, பிரிவுக் கண்காணிப்பாளர், மாதக் கடைசியில் மூன்று நாள் உட்கார்ந்து வெட்டி ஒட்டிச் செய்துகொண்டிருந்தார்.

“அங்கிள், புரோகிராம் எழுதினது பத்து நாள். மிச்ச நாளெல்லாம் அந்தத் தாள்ல என்ன இருக்குன்னு புரிஞ்சிக்கத்தான் போச்சு” என்றான்.

என்ன இருந்தது? ஓர் அலுவலகம் தொகையை ரூபாயில் எழுதியது, இன்னொன்று லட்சத்தில். இரண்டையும் கூட்டினால், பெஞ்சு வாங்கிய செலவு மேம்பாலம் கட்டிய செலவைத் தாண்டிப் போகும். ஒரே ஒப்பந்தக்காரர் பெயர் நான்கு விதமாக இருந்தது. இனிஷியல் முன்னால், இனிஷியல் பின்னால், மெஸர்ஸ் சேர்த்து, சேர்க்காமல். கம்ப்யூட்டருக்கு அவர்கள் நான்கு பேர். ஒருவருக்கே எவ்வளவு வேலை போகிறது என்று கேட்டால், நான்கு பேருக்குப் பரவலாகப் போகிறது என்று பதில் வரும். பெயரை விட்டுவிட்டு பான் எண்ணைப் பிடித்துக்கொள் என்று நான்தான் சொன்னேன். நாங்கள் கணக்குகளைக் கணினிக்கு மாற்றியபோது பட்ட பாடு அது. தமிழில் எழுதப்பட்ட பழைய கோப்புகள் வேறு எழுத்துருவில் இருந்ததால், திறந்தால் இங்கிலீஷ் எழுத்தைக் கொட்டிக் கலைத்ததுபோல் தெரிந்தது. 2010 செம்மொழி மாநாட்டுச் சமயத்திலேயே அரசு ஒருங்குறிக்கு மாறச் சொல்லியாயிற்று. அலமாரியில் இருப்பவை அவ்வளவு சீக்கிரம் மாறுமா?

தேதி விவகாரம் இதைவிட மோசம். 04/05 என்றால் நமக்கு மே நான்கு. அமெரிக்க வழக்கத்தில் அமைத்திருந்த கம்ப்யூட்டருக்கு ஏப்ரல் ஐந்து. சாதாரண விஷயம் என்று நினைக்காதீர்கள். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஒப்பந்தக்காரர் போய்விட்டால், அரசுக்கு இருக்கும் ஒரே பிடி அவர் கொடுத்திருக்கும் வங்கி உத்தரவாதம். அதைக் கெடு முடிவதற்குள் கோர வேண்டும். கெடு தாண்டி ஒரு நாள் கழித்துக் கடிதம் கொண்டுவந்தால் எந்த வங்கியும் பணம் தராது. நானே அப்படிப்பட்ட கடிதங்களைத் திருப்பி அனுப்பும் மேஜையில் இருந்திருக்கிறேன். கொண்டுவந்த அலுவலர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் கெடு என்றால் கெடு.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன். கிளை அலுவலகங்களின் தாள்களில் ‘காலாவதியாக உள்ள உத்தரவாதங்கள்’ என்று ஒரு பத்தி. சிலர் பூஜ்யம் போட்டார்கள், சிலர் கோடு போட்டார்கள், சிலர் ‘இல்லை’ என்று எழுதினார்கள், சிலர் காலியாக விட்டார்கள். சிலர் தாளையே அனுப்பவில்லை. இவன் முதலில் எழுதிய புரோகிராமில் இந்த ஐந்துக்கும் ஒரே விடை: பூஜ்யம். பூஜ்யம் என்றால் பிரச்சினை இல்லை, பச்சை நிறம். ஆக, தாள் அனுப்பாத அலுவலகம் திரையில் பச்சைப் பசேலென்று இருந்தது. ஒழுங்காகக் கணக்கு எழுதி, இரண்டு உத்தரவாதம் முடியப் போகிறது என்று உண்மையைச் சொன்ன அலுவலகம் சிவப்பில் நின்றது.

வங்கியில் ‘நில் ஸ்டேட்மென்ட்’ என்று ஒன்று உண்டு. அனுப்ப ஒன்றுமே இல்லை என்றாலும், ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். சேர்ந்த புதிதில் எங்களுக்கெல்லாம் அது சிரிப்பாக இருக்கும். ஒன்றுமில்லாததற்கு எதற்கு ஒரு காகிதம், தபால் செலவு வேறு என்று. ஆனால் ‘ஒன்றுமில்லை’ என்று ஒருவர் கையெழுத்துப் போட்டால், அவர் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். நாளைக்கு ஏதாவது கிளம்பினால் அவரைக் கேட்கலாம். வராத காகிதத்தை யாரிடம் கேட்பது? இதை அவனிடம் சொன்னேன். பையன் கெட்டிக்காரன், அன்று ராத்திரியே திருத்தினான். ஒன்றுமில்லை என்று சொன்னவர்களுக்குப் பச்சை, வராதவர்களுக்குச் சாம்பல் நிறம்.

மறுநாள் அலுவலகத்தில் சிக்கல் வந்தது. அடுத்த வாரம் மேலிடத்தில் ஆய்வுக் கூட்டம். அதுவரை பச்சையாக இருந்த திரையில் பாதி சாம்பல் ஆகிவிட்டது. பிரிவின் பொறுப்பாளர் கோபக்காரர் இல்லை, நல்ல மனிதர்தானாம். “தம்பி, கூட்டம் முடியட்டும், அப்புறம் இந்தக் கலரைப் போட்டுக்கலாம்” என்றார். இன்டர்ன் என்ன செய்வான்? சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். இவனும் பழையபடியே மாற்றிவிட உட்கார்ந்துவிட்டான்.

தடுத்தது அந்தக் கண்காணிப்பாளர் அம்மா. முப்பது வருட சர்வீஸ். அவர் பொறுப்பாளரிடம் போய்ச் சண்டை போடவில்லை. சாம்பல் நிறத்தில் இருந்த அலுவலகங்களின் பட்டியலைக் கையில் எழுதி எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் போன் போட ஆரம்பித்தார். இரண்டு நாளில் பெரும்பாலானவர்கள் தாளை அனுப்பிவிட்டார்கள். அப்படி வந்த ஒன்றில், வேலை பாதியில் நிற்கும் ஓர் ஒப்பந்தத்துக்கான வங்கி உத்தரவாதம் முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. அதைப் பார்த்த பிறகு சாம்பல் நிறத்தை எடு என்று யாரும் சொல்லவில்லை. கூட்டத்துக்கு அப்படியே போனது. ஆறேழு கட்டங்கள் அப்போதும் சாம்பலாகவே இருந்தன, அந்த அலுவலகங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இன்டர்ன்ஷிப் முடிந்ததும் லாகினை வாங்கிக்கொண்டார்கள், அது முறைதான். போகும்போது எட்டுப் பக்கத்தில், எந்தத் தாள் எங்கே சேர வேண்டும், புதிதாக ஓர் அலுவலகம் வந்தால் எப்படிச் சேர்ப்பது என்று தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். சார்ஜ் ஒப்படைக்கும்போது சாவி, ரொக்கம், முத்திரை என்று பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குவோமே, அந்த மாதிரி எழுது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அந்த அம்மா இரண்டு தடவை போன் செய்து சந்தேகம் கேட்டாராம். மூன்றாவது மாதம் போன் வரவில்லை. நன்றாக ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று அவனுக்கே தெரியாது. “இதுவும் சாம்பல்தான் அங்கிள்” என்று சிரித்தான்.

நம் ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். துவாக்குடியில் இதை நான் விளக்க வேண்டுமா? சிட்கோ தொழிற்பேட்டை ஷெட்டுகளில் பாதிப்பேர் வாழ்க்கை ஆர்டரை நம்பித்தான் ஓடுகிறது. அறுபதுகளில் திருவெறும்பூருக்கு பெல் வந்ததால் வந்த ஷெட்டுகள் அவை. நம் குடியிருப்பிலேயே இரண்டு மூன்று பேர் பேப்ரிகேஷன் தொழிலில் இருப்பவர்கள். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வருடக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்பது விதி. 2012இல் 20 ஆகத் தொடங்கி 2018இல் 25 ஆக உயர்ந்தது. அதற்குள் பெண் தொழில்முனைவோருக்கு 3, பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 4. இவர்களுக்கு முன்வைப்புத் தொகையிலும் விலக்கு உண்டு. 2016இல் வந்த ஜெம் என்ற அரசுச் சந்தையில் பதிவு செய்துகொண்டால் காஷ்மீரில் இருக்கும் அலுவலகத்துக்கும் இங்கிருந்தே விற்கலாம்.

நண்பர் ஒருவர் சொன்ன இன்னொரு பக்கமும் இருக்கிறது. டோக்கனின் கெடு முடிந்ததைக் கடைசி நாள் மதியம் கண்டுபிடிப்பது, விலைப்பட்டியல் கோப்பின் பெயரை மாற்றிச் சேமித்து அதனால் விலைப்புள்ளி தள்ளுபடி ஆவது, அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போவது. வாசலில் நின்ற நாலு பேருக்குப் பதிலாக இவை நிற்கின்றன. ஆள் மறித்தால் போலீஸுக்குப் போகலாம். கோப்புப் பெயருக்கு யாரிடம் போவது என்று கேட்டார். அவருக்கு என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான்: கடைசி நாளை உங்கள் கணக்கில் இரண்டு நாள் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் வருவதில்தான் பெரிய தாமதம். 2006 சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் மாதாமாதம் கூட்டிக் கணக்கிடும் கூட்டுவட்டி, அதுவும் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு. எந்தக் கடனுக்கும் இவ்வளவு கடுமையான வட்டியை நான் போட்டதில்லை. ஆனால் அந்த வட்டியைக் கேட்டு எழுதுபவர் எத்தனை பேர்? அடுத்த ஆர்டர் வேண்டுமே. டெண்டர் திறக்கும் நேரத்தை விநாடி பிசகாமல் காட்டும் கம்ப்யூட்டரில், பில் எத்தனை நாளாக எந்த மேஜையில் இருக்கிறது என்பதையும் ஊர் பார்க்கக் காட்டினால் பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் அபிப்பிராயம். உக்ரைன் நாட்டில் 2016இல் எல்லா அரசுக் கொள்முதலுக்கும் கட்டாயமாக்கிய ஓர் அமைப்பு இருக்கிறது. எல்லாரும் எல்லாவற்றையும் பார்க்கலாம் என்பதுதான் அதன் கொள்கை. டெண்டர் முடிந்ததும் தோற்றவர் போட்ட விலையைக்கூடப் பொதுமக்கள் பார்க்கலாம்.

சரி, நம் பெயிண்டுக்கு வருகிறேன். நமக்குப் போர்ட்டலும் வேண்டாம், டோக்கனும் வேண்டாம். போன தடவை மூன்று பேரிடம் வாங்கிய கொட்டேஷனில் ஒருவர் சதுர அடிக் கணக்கு, ஒருவர் மொத்தத் தொகை, ஒருவர் பெயிண்ட் தனி கூலி தனி. இதை வைத்து யார் குறைவு என்று எப்படிச் சொல்வது? சொன்னவர் மேலும் தப்பில்லை, சந்தேகப்பட்டவர் மேலும் தப்பில்லை. இந்தத் தடவை அளவை நாமே எடுத்துவிடுவோம். எந்தச் சுவர், எத்தனை சதுர அடி, எத்தனை கோட், ப்ரைமர் உண்டா, விரிசல் அடைப்பு யார் கணக்கு என்று ஒரே தாளில் அச்சடித்து, எல்லாருக்கும் அதையே கொடுத்து, அதில்தான் விலை போட வேண்டும் என்போம். விலை போட விரும்பாத வரியில் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும், காலியாக விட்ட தாளை எடுத்துக்கொள்ள வேண்டாம். கவர்களைப் போட அலுவலக அறையில் இருக்கும் பழைய இரும்புப் பெட்டி போதும், அதில் இரண்டு பூட்டுக்கு இடம் இருக்கிறது. ஒரு சாவி செயலாளரிடம், ஒன்று செயற்குழுவில் இல்லாத ஒருவரிடம். போன தடவை அதிகம் கேள்வி கேட்ட ‘பி’ பிளாக் நண்பர் அந்தச் சாவியை வாங்கிக்கொண்டால் எனக்கு ரொம்பச் சந்தோஷம். பெட்டியைத் திறந்த அன்றே எல்லார் விலையும் லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும். கடைசித் தவணை பத்து சதவீதத்தை ஒரு மழைக்காலம் தாண்டித்தான் தருவோம் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடலாம்.

ஒப்பீட்டுத் தாளை அந்தத் தம்பி செய்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அவனுக்கு அடுத்த மாதம் வேலையில் சேர ஹைதராபாத் போக வேண்டும், அதற்குள் முடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன், ‘ஏ’ பிளாக் பின்சுவரிலிருந்து அளவெடுக்கத் தொடங்குகிறோம். ஐம்பது மீட்டர் டேப் என்னிடம் இருக்கிறது. மறுமுனையைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும், எழுத ஒருவர் வேண்டும். வருகிறவர்கள் வாட்ச்மேன் அறையில் இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிடுங்கள். வர முடியாதவர்களும் ‘வர முடியாது’ என்று எழுதிவிட்டால் நல்லது.